பத்துக்கு எத்தனை

முட்டி வலிக்காரர்கள் வரும் அறையை
சயானில் இரண்டாம் மாடியில் வைத்திருக்கிறார்கள்.
கீழே வாடகை அதிகமாம்.

சீட்டில் என் பெயர் பங்கஜ். ஆண். ஐம்பத்தொன்று.
பங்கஜவல்லி என்று திருத்தவில்லை.
படியேறிய மூச்சு இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"வலி பத்துக்கு எத்தனை?" என்றாள் பிராஜக்தா.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இருபத்தாறு வருடமாகக் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுகிறேன்
பல்லார்டு பியரில்.
ஐம்பது பைசா உதைத்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.
ஆனால் அன்று எண் வரவில்லை.
ஏறினால் மூன்று. இறங்கினால் ஏழு.
உட்கார்ந்து எழும்போது
எண்ணுக்கு முன்னால் ஓர் "அம்மாடி" வருகிறதே
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

இத்தனைக்கும் நான் ஒரு குற்றமும் செய்யவில்லை.
சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர்.
நடந்தேன்.
முதல் நாளே ஃபைவ் கார்டன்ஸை ஆறு சுற்று.
ஷூ வாங்கிய விலைக்கு நடந்து தீர்க்க வேண்டாமா?
மறுநாள் காலை
வலது முட்டி பூரியாய் உப்பிக் கிடந்தது.
மடக்கினால் சொடுக்குப் போட்டது,
யாரையோ கூப்பிடுவது போல.

சும்மா கிடந்த சங்கை, என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.
முடிக்கவிடவில்லை நான்.
இருபது நாள் சும்மா கிடந்தும் பார்த்தேன்.
அதற்கும் வலித்தது.

நிறுத்தாதே, குறை, என்றாள் பிராஜக்தா.
நடக்கையில் முனகினால் முனகட்டும்,
குத்தினால் நில்.
ராத்திரி புரளவிட்டால்
பகலில் செய்தது அதிகம்.
துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வை,
அழுத்து, ஐந்து எண்ணு, விடு.
வீங்கினால் உறைந்த பட்டாணிப் பொட்டலம், துணி சுற்றி.

(அந்தப் பட்டாணி ஞாயிற்றுக்கிழமை குருமாவில் விழுந்ததை
வீட்டில் இதுவரை சொல்லவில்லை.)

பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து
இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.
முழுக்க இறங்காதே. பாதி. பாதியிலும் பாதி.
தொடை நடுங்கியது.
நடுங்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

இது எனக்குத் தெரியுமே!
மாட்டுங்காவிலிருந்து சி.எஸ்.டி. வரை
மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாய்
ஒரு தொடை பலகையில், மற்றது காற்றில்,
மடியில் பை, பைக்குள் ரசம் சிந்திய டப்பா,
எதிரே பட்டாணி உரிக்கும் ஒருத்தி,
எத்தனை மழைக்காலம் இப்படியே போயிருக்கிறேன்.
அதற்குப் பெயர் உடற்பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நின்றுகொண்டே போயிருப்பேன்.

இது ஏழாவது வாரம்.
ஐந்து தோட்டத்தில் எனக்கு ஒன்று போதும்.
மற்ற நான்கும் எங்கே போய்விடப் போகின்றன?
பார்சிக்காரர் ஒருவர் நாயோடு என்னைத் தாண்டிப் போகிறார்.
நாய்க்குப் பின்னங்கால் இழுக்கிறது,
அதுவும் என்னைத் தாண்டிப் போகிறது.
போகட்டும்.

இன்று காலை நடைமேம்பாலம், தூறல்.
கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில்
நோகும் காலை முதலில் இறக்கி
நண்டாய் இறங்குகிறேன்.
கூட்டம் முதுகில் இடித்து இடித்து வழிகிறது.
எதிர்க் கைப்பிடியில் இன்னொரு நண்டு,
பச்சைப் புடவை, கக்கத்தில் குடை.
படிக்கொரு தரம் பார்த்துக்கொண்டோம்.

கடைசிப் படியில், என்னுடைய இந்தியில்,
"எந்தக் கால்?" என்றேன்.
இரண்டு விரல் காட்டினாள்.
கொஞ்சம் யோசித்து ஒன்றை மடக்கினாள்,
பாதி மட்டும்.

வண்டி வந்து நின்றது.
நான்கு தப்படி ஓடினால் ஏறிவிடலாம்.
அவளும் ஓடவில்லை, நானும் ஓடவில்லை.
இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக
ஒரு வண்டியை நானாகப் போகவிட்டேன்.

அடுத்தது நான்கு நிமிடத்தில்.
அதிலும் நான்காவது இடம்தான் கிடைக்கும்.